வராத மழைக்கு இரண்டு குடை

அத்தியாயம் 4

கதவைத் திறந்த பெண்மணியின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. சரியாகச் சொன்னால் சத்தம் வந்தது, அவரிடமிருந்து வரவில்லை.

டம். டம். டம். பிறகு ஏதோ ஒரு இயந்திரம் கருங்கல்லைப் பல்லில் வைத்து மெல்லுவது போல ஒரு நீண்ட இரைச்சல். மறுபடி டம்.

"உள்ளே வரச் சொல்றாங்க," என்றேன் அண்ணியிடம்.

"என்ன?"

"உள்ளே!"

"கத்தாதே தம்பி. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

அண்ணி என் அண்ணனின் மனைவி. வெளியே அவர் துப்பறிகிறவர். தையல் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் ஒற்றை அறை அலுவலகத்தின் பலகை அப்படித்தான் சொல்கிறது. அதில் உதவியாளர் என்று என்னைப் பற்றி ஒரு வரி எழுதலாம் என்று நான்கு வருஷமாகக் கேட்கிறேன். பலகையில் இடமில்லையாம். பெரிய பலகை வாங்கலாமே என்றால் சுவரில் இடமில்லையாம்.

வாசலை ஒட்டி இரண்டு பெரிய கறுப்புக் குடைகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்து ஆணியில் ஒரு மழைக்கோட்டு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

"மழையை யாராவது கைது பண்ணி உள்ளே வச்சிருக்காங்களா?" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. குடைகளை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு. ஆடும் நாற்காலி, கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கற்கள், சுவரில் படகுப் படங்கள். 'அமைதியை அனுபவியுங்கள்' என்று மரத்தில் செதுக்கிய வாசகம் ஒன்று அலமாரி மேல் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அது அரை அங்குலம் நகர்ந்து, இப்போது விளிம்புக்கு வந்து சேர்ந்திருந்தது.

எங்களை வரவழைத்த பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வருஷக்கணக்காக மற்றவர்களின் சர்க்கரை அளவையும் கொழுப்பு அளவையும் படித்துச் சொன்ன பழக்கமோ என்னவோ, தன் கதையையும் ரிப்போர்ட் வாசிப்பது போலத்தான் சொன்னார். அல்லது கத்தினார்.

"திங்கட்கிழமை வந்தோம்! அன்னிக்கே ஆரம்பிச்சிடுச்சு! தெரு பூரா தேடிட்டேன்! ஒரு செங்கல் கூட இல்லை! வீட்டுக்காரம்மாவுக்கு போன் பண்ணினா, என் வீட்டுல எந்த வேலையும் நடக்கலைங்கறாங்க!"

"சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணுமா?" அண்ணி கேட்டார்.

"இல்லை! யார் மறைச்சாங்கன்னு கண்டுபிடிக்கணும்! யாராவது ஒருத்தர் மேல நான் கோபப்படணும்! யார் மேலன்னு மட்டும் சொல்லுங்க!"

கோபம் வேண்டும் என்று சொன்ன முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் போல இருந்தது அந்த முகம்.

ஜன்னலோரம் அவர் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அடுத்த டம் விழுந்தபோது நாங்கள் மூன்று பேரும் கண்ணைச் சிமிட்டினோம். கண்ணாடிக்காரர் பக்கத்தைத் திருப்பினார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் பேப்பரை நான்காக மடித்தார். செருப்பை மாட்டினார். வெளியே போனார்.

ஐந்து நிமிடம் கழித்துச் சத்தம் நின்றது.

அந்த அமைதி வலித்தது. கனமான பையை இறக்கி வைத்ததும் தோள் வலிக்குமே, அப்படி. அலமாரி மேலிருந்த வாசகம் விளிம்பில் ஆடாமல் நின்றது.

"சாப்பாட்டு நேரம்," என்றார் அந்த அம்மா சாதாரணக் குரலில். அந்தக் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. "ரெண்டு மணிக்கு மறுபடி ஆரம்பிக்கும்."

"அவர் எங்கே போறார்?"

"நடக்க. மதியம் நடந்தா முட்டிக்கு நல்லதாம்."

"வெயில்லயா?" என்றேன். "முட்டிக்கு நல்லது, மண்டைக்கு?"

அண்ணி என்னைப் பொருட்படுத்தவில்லை. "முதல் நாளும் போனாரா?"

"போனார். பெட்டியைக் கூடத் திறக்கலை. மணியைப் பார்த்தார், கிளம்பிட்டார்."

"சாயங்காலம்?"

"அஞ்சு மணிக்குச் சத்தம் நிக்கும். உடனே தலைவலி மாத்திரை ஒண்ணைப் போட்டுக்கிட்டுப் படுத்துடுவார்." கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "நாங்க பேசறதுக்குத்தான் இங்க வந்தோம். எனக்கு வேற ஊருக்கு மாற்றல் வந்திருக்கு. தனியாப் போறேனா, ரெண்டு பேருமாப் போறோமான்னு திங்கட்கிழமை ஆபீஸ்ல சொல்லணும். வீட்டுல ரெண்டு வருஷமா ஒரு பேச்சும் இல்லை. சண்டைன்னு சொல்ல முடியாது. சண்டைக்குக் கூட பேசணுமே. அதான், வெளியூர்ல ஒரு வீடு எடுத்து, ஆறு நாள் உட்கார்ந்து, சேர்ந்து இருக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்னு நான்தான் சொன்னேன். வீட்டைப் பார்த்து புக் பண்ணினது அவர். இன்னிக்கு வியாழக்கிழமை. ஒரு வாக்கியம் கூட முடியலை."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் சாப்பிடும்போது டிவி ஓடும். அண்ணன் அதைப் பார்த்தபடி சாப்பிடுவார். எனக்குத் தெரிந்து எட்டு வருஷமாக அப்படித்தான். அது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது. நான் கூழாங்கற்களை எண்ண ஆரம்பித்தேன்.

"என்னிக்குக் கிளம்பறீங்க?"

"சனிக்கிழமை காலையில."

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருக்கலாமே?"

"நானும் கேட்டேன். அவர் வேண்டாம்னுட்டார்."

அண்ணி எழுந்து சுவர்களைப் பார்த்தார். "கொழுந்தனாரே, இந்த அறையில எத்தனை படம்?"

அவர் என்னைக் கொழுந்தனாரே என்று அழைத்தால் எனக்கு ஏதோ ஒன்று தெரியவில்லை என்று அர்த்தம். "அஞ்சு."

"எத்தனை படகு கவிழுது?"

பார்த்தேன். வாசல் பக்கச் சுவரில் மூன்று படகுகள் நேராக மிதந்தன. பின்பக்கச் சுவரில் இருந்த இரண்டும் கோணலாகத் தொங்கின.

"சத்தம் முன்னாடி தெருவுலேர்ந்து வர்ற மாதிரிதான் கேக்குது. எதிர் வீட்டுச் சுவத்துல மோதித் திரும்புது. காது ஏமாறும், ஆணி ஏமாறாது. வா, பின் தெருவுக்குப் போலாம்."

*

பின் தெருவில் ஒரு பழைய விடுதி இருந்தது. மூன்று மாடி. மஞ்சள் வண்ணம், ஜன்னல்களில் திரைச்சீலை, வாசலில் 'அறைகள் உண்டு' என்ற பலகை. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அண்ணி கதவைத் தள்ளினார்.

உள்ளே ஆகாயம் இருந்தது.

மாடிகள் இல்லை, கூரை இல்லை. பின்னாலிருந்து தின்றுகொண்டே வந்து முகத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். மாடிப்படி ஒன்று மேலே ஏறி எங்கும் போகாமல் நின்றது. ஒருமுறை கனவில் இப்படி ஒரு படியில் நான் ஏறியிருக்கிறேன்.

"வெளியே எல்லாம் சரியா இருக்கு, உள்ளே ஒண்ணுமில்லை," என்றேன். "அண்ணனைப் பார்த்த மாதிரி இருக்கு."

அண்ணி முன்னே நடந்தார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்கே தோன்றியது.

உடைந்த சுவரின் நிழலில் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார். புருவத்திலிருந்து பாதம் வரை சுண்ணாம்புத் தூசி.

"சத்தம் அதிகமா இருக்குன்னு சொல்ல வந்தீங்களாம்மா? எல்லாரும் அதுக்குத்தான் வருவாங்க. ஒருத்தரைத் தவிர."

"இங்க என்ன கட்டறீங்க?" என்று கேட்டேன்.

"கட்டு இல்லை தம்பி, இடி. கட்டு மேஸ்திரி வேற, இடி மேஸ்திரி வேற. நான் இடி."

"நல்ல வேளை, உங்க தம்பி மின்னல் வரலை."

"லீவுல இருக்கான்," என்றார் அவர் முகத்தை மாற்றாமல். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"எத்தனை மணிக்கு வேலை?" என்றார் அண்ணி.

"எட்டுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் இடி. அப்புறம் சாப்பாடு. ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் இடி. ஞாயிற்றுக்கிழமை இடி கிடையாது. இதெல்லாம் அந்த வாடகை வீட்டம்மாகிட்ட ஒன்றரை மாசம் முன்னாடியே சொல்லிட்டேன். அவங்க ஒரு சீட்டுல எழுதிக்கிட்டாங்க."

அண்ணி அங்கேயே நின்று வீட்டுக்காரம்மாவுக்கு போன் போட்டு ஒலிபெருக்கியை அமுக்கினார். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனை கொதித்தது.

"நான் மறைக்கிற ஆளா? என் வீட்டுல வேலை நடக்குதான்னு கேட்டாங்க, நடக்கலைன்னேன். பக்கத்துல நடக்கறதுதான் அவங்களுக்கே தெரியுமே! புக் பண்ணும்போதே மெசேஜ் போட்டிருக்கேன். இருங்க, படிக்கறேன். 'காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை இடி உண்டு. பரவாயில்லையா?' அதுக்கு அவர் என்ன பதில் போட்டார் தெரியுமா? 'ரொம்ப நல்லது.' கை தவறி அடிச்சிட்டார்னு நினைச்சேன். அடுத்து இன்னொண்ணு கேட்டார். 'ஞாயிறும் உண்டா?' இல்லைன்னு சொன்னேன். 'அப்படியானால் சனிக்கிழமை காலை காலி செய்கிறோம்.' இதுல என் தப்பு என்னம்மா?"

"உங்க தப்பு எதுவும் இல்லை," என்று அண்ணி போனை வைத்தார்.

இடி உண்டு. எனக்குள் ஏதோ மெதுவாகத் திரும்பியது.

"அண்ணி! குடை!"

"இப்பத்தான் இறங்குச்சா?"

"அவர் இடி இருக்கும்னு சொல்லியிருக்கார். அந்தம்மா இடின்னா மழைன்னு நினைச்சு, ரெண்டு குடையும் கோட்டும் எடுத்துக்கிட்டு..."

"ம்."

"எட்டு மணிக்கு வந்து, ஒரு மணிக்குச் சாப்பிட்டு, அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போற இடி எந்த வானத்துல இருக்கு? நேரத்தை மட்டும் அவர் சொல்லாம விட்டுட்டார்."

"பொய் சொல்லலை. அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டதைத் திருத்தலை. அவ்வளவுதான்." அண்ணி மேஸ்திரியிடம் திரும்பினார். "ஒருத்தரைத் தவிரன்னீங்களே. அவர் எங்கே?"

மேஸ்திரி கட்டை விரலால் பின்னால் காட்டினார்.

செங்கல் குவியலுக்கு அந்தப் பக்கம், பிடுங்கிப் போட்டிருந்த ஒரு கதவின் மேல் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். கதவில் பன்னிரண்டு என்ற எண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து தினம் வர்றார்," என்றார் மேஸ்திரி தாழ்ந்த குரலில். "சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வந்தவங்களை முப்பது வருஷமாப் பார்க்கறேன். சாப்பாட்டு நேரத்துலயும் ரெண்டு ஆள் விட்டுத் தட்ட முடியுமான்னு கேட்டவர் இவர் ஒருத்தர்தான்."

நாங்கள் அருகில் போனதும் அவர் ஓடவில்லை, திடுக்கிடவும் இல்லை. கதவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அண்ணி உட்கார்ந்தார். எனக்கு இடமில்லை. பலகையில் இல்லாதது போலவே.

"நான் பொய் சொல்லலை," என்றார் கண்ணாடிக்காரர்.

"தெரியும். இடின்னுதான் சொன்னீங்க."

"குடை எடுத்துக்கறேன்னா. சரின்னேன். ரெண்டு எடுத்துக்கோன்னேன்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். தூசி இன்னும் நன்றாகப் பரவியது. "அவ பேசணுங்கறா. அவ பேச ஆரம்பிச்சா ஒழுங்காப் பேசுவா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. கடைசி வரியில முடிவு இருக்கும். அந்தக் கடைசி வரி என்னன்னு எனக்குத் தெரியும். அது வர்ற வரைக்கும் நாங்க புருஷன் பெண்டாட்டிதானே? இப்படியே சனிக்கிழமை வந்துட்டா ஒண்ணும் ஆகாம வீட்டுக்குப் போயிடலாம்னு பார்த்தேன்."

"திங்கட்கிழமை?"

"அது திங்கட்கிழமை."

கூரை இருந்த இடத்தில் ஒரு காக்கை பறந்து போனது. அண்ணி அது போன திசையைப் பார்த்தார். பிறகு, அவரைப் பார்க்காமலே, "கடைசி வரி என்னன்னு எப்படித் தெரியும்? நீங்க ரிப்போர்ட்டைப் பிரிக்கவே இல்லையே," என்றார்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அண்ணி எழுந்து மேஸ்திரியிடம் போனார். "ரெண்டு மணிக்குப் பதிலா ரெண்டரைக்கு ஆரம்பிக்க முடியுமா?"

"அரை மணி தாங்கும். அதுக்கு மேல போனா காண்ட்ராக்டர் என்னை இடிச்சிடுவார். முன்னாடியே ஆரம்பிக்கலாம்னா அந்த வாடகை வீட்டுப் பின் ஜன்னல்லேர்ந்து கையைக் காட்டுங்க."

*

திரும்பி வந்தபோது அந்த அம்மா விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் எங்களுக்குப் பின்னால், ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து வாங்க வந்த பையன் மாதிரி நின்றார்.

"யார் மேல கோபப்படணும்னு கேட்டீங்க," என்றார் அண்ணி. "வீட்டுக்காரம்மா மறைக்கலை. மேஸ்திரியும் மறைக்கலை. பின் தெருவுல ஒரு விடுதியை இடிக்கறாங்க. அது உங்க வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே தெரியும்."

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். பிறகு வாசலில் இருந்த குடைகளைப் பார்த்தார். மறுபடி கணவரை.

"இடியா?"

"இடி."

"அந்த இடியா?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த அம்மாவின் முகம் சுருங்கும், கத்துவார், கிண்ணத்துக் கூழாங்கல் ஒன்றாவது பறக்கும் என்று எதிர்பார்த்து நான் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன். எதுவும் பறக்கவில்லை. "உட்காருங்க," என்றார் கணவரிடம், பரிசோதனைக்கு வந்தவரிடம் சொல்வது போல.

அண்ணியும் நானும் பின்பக்க முற்றத்துக்கு வந்துவிட்டோம். ஜன்னல் வழியே இருவரும் தெரிந்தார்கள். எதிரெதிரே, நடுவில் கிண்ணம்.

மணி இரண்டு. சுத்தியல் விழவில்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. இரண்டு ஐந்து. அவர் கண்ணாடியைத் துடைத்தார். அவர் மனைவி ஒரு கல்லை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தார். இரண்டு பத்து. கல் கிண்ணத்தில் பட்ட ஒலி கூட எங்களுக்குக் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய அமைதியில் முதல் சொல்லைப் போட யாருக்குத்தான் தைரியம் வரும்? எனக்கே இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"கேஸ் முடிஞ்சது," என்றேன் கிசுகிசுப்பாக. "ரெண்டு பேரும் தோத்துட்டாங்க."

"இரு."

அந்த அம்மா எழுந்தார். பின் ஜன்னலுக்கு வந்தார். எங்களைப் பார்த்து, "மேஸ்திரிக்கு எப்படிச் சொல்லணும்?" என்றார்.

"கையைக் காட்டினா போதும்."

காட்டினார். விடுதியை மறைத்து நின்ற உயரமான மதிலுக்கு மேலே தூசி படிந்த ஒரு தலை எட்டிப் பார்த்தது.

டம்.

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவர் உதடுகள் அசைந்தன. கண்ணாடிக்காரர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். மனைவி மறுபடி சொன்னார், இந்த முறை கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணாடிக்காரர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு திருப்பிக் கத்தினார். டம். மனைவி தலையை ஆட்டி மறுத்தார், விரல்களை மடக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். கண்ணாடிக்காரர் மூன்றாவது விரலைப் பிடித்து நிறுத்தி ஏதோ சொன்னார். டம். டம். நாற்காலிகள் இன்னும் நெருங்கின. அலமாரி மேலிருந்த மர வாசகம் ஒருவழியாகக் கீழே விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன பேசறாங்க அண்ணி?"

"கேக்கலை."

"உங்களுக்குத்தான் உதட்டைப் பார்த்தே படிக்கத் தெரியுமே?"

"இன்னிக்குத் தெரியாது," என்றார் அண்ணி. "நட."

*

மறுநாள் சாயங்காலம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் யாரோ யாரிடமோ விளையாட்டில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டார். அண்ணியின் போன் அடித்தது. வாடகை வீட்டுக்காரம்மா.

"உங்க ஆளுங்க மதியம் போன் பண்ணி ஞாயிற்றுக்கிழமையும் இருக்கலாமான்னு கேட்டாங்கம்மா. அன்னிக்கு இடி கிடையாது, ஒரே அமைதியா இருக்கும்னு நானே எச்சரிக்கை பண்ணினேன். இந்தத் தடவை எதையும் மறைச்சேன்னு சொல்லக் கூடாது பாருங்க. பரவாயில்லைன்னுட்டாங்க."

"யார் கேட்டது? அவரா, அந்தம்மாவா?"

"யார் கண்டா? பின்னாடி டம் டம்னு ஓடிக்கிட்டிருக்கு, ரெண்டு பேரும் ஒரே போன்ல சேர்ந்து கத்தறாங்க."

அண்ணி போனை வைத்தார்.

"திங்கட்கிழமை என்ன ஆகும்?" என்றேன்.

"அது நம்ம கேஸ் இல்லை."

அவர் இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு ரிமோட்டை எடுத்தார். அணைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அண்ணி சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏங்க!" என்று கத்தினார்.

அண்ணன் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"என்ன?" என்று அவரும் கத்தினார்.

நான் என் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.